மோன்மார்த்ரில் அறை எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓவியத்தில் நாட்டம் உள்ளவர்கள் பாரிஸுக்குப் போவதென்று முடிவானதும் தங்குவதற்கு முதலில் தேடுவது மோன்மார்த்ர் குன்றைத்தான். பிக்காசோ வாழ்ந்த இடம் என்றால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அவர் அங்கே பத்தோ-லவ்வார் என்ற மரக்கட்டடத்தில் குடியிருந்தது 1904 முதல் 1909 வரைதான். சில ஆண்டுகளில் சேன் ஆற்றின் தென்கரையிலுள்ள மோன்பர்னாஸுக்குப் போய்விட்டார். அந்தக் கட்டடமும் 1970இல் எரிந்துபோய், முகப்பு மட்டும் மிஞ்ச, மற்றதெல்லாம் பிறகு கட்டப்பட்டது. இது தெரியாமல், கலைஞர்களுக்கு நடுவே இருக்கப்போகிறோம் என்ற எண்ணத்தில் தெர்த்ர் சதுக்கத்தை ஒட்டி அறை எடுப்பது பலரும் செய்யும் தவறு. அங்கே பலகை வைத்து வரைகிறவர்கள் மாநகராட்சியின் அனுமதியோடு பயணிகளுக்குப் படம் வரைந்து விற்பவர்கள். அவர்களைச் சுற்றி உணவகங்களும் கூட்டமும்தான். காலையில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், தூங்குவதற்கு உகந்த இடமல்ல.

இதைவிடப் பெரிய தவறு, வரைபடத்தை நம்புவது. மெட்ரோ நிலையத்திலிருந்து 300 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். அந்த 300 மீட்டரும் செங்குத்தான படிக்கட்டாக இருக்கலாம் என்பதை வரைபடம் சொல்லாது. குன்றின் உச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 130 மீட்டர். ஆபெஸ் மெட்ரோ நிலையமோ தரைக்குக் கீழே 36 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. லிஃப்டுக்கு வரிசை நீளமாக இருக்கிறதே என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுழல்படியில் ஏறத் தொடங்கியவர், சுவரிலுள்ள ஓவியங்களை ரசிக்கும் நிலையில் இருக்கமாட்டார். சாக்ரே-கேர் தேவாலயத்துக்கு ஏறும் 222 படிகளுக்குப் பக்கத்திலேயே இழுவை ரயில் ஒன்று உண்டு, மெட்ரோ பயணச்சீட்டே அதற்கும் செல்லும். ஆனால் அது உங்கள் விடுதி வாசலுக்கு வராது. தெருவைக் கடந்த பிறகும் பாடு முடியாது. பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் இல்லை. ஆறாவது மாடியில், துத்தநாகத் தகட்டுக் கூரைக்கு நேர் கீழே அமைந்த சிறு அறைகள் படத்தில் அழகாகத் தெரியும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஏசி இல்லாமல் அங்கே படுப்பது சென்னை வெயிலில் வளர்ந்தவருக்கும் கடினம். பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

குன்றின் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் பதிவு செய்வதும் தவறே. தெற்கே பிகால் பகுதியும் கிளிஷி நெடுஞ்சாலையும் மதுக்கூடங்களின் இரைச்சலில் நள்ளிரவு தாண்டியும் அடங்காது. தேவாலயத்தின் அடிவாரத்தில் கையில் வண்ண நூலைக் கட்டிவிட்டுப் பணம் கேட்பவர்கள் நிற்பார்கள். கையை நீட்டாமல் நடந்துவிட வேண்டும். என்னைக் கேட்டால் வடசரிவைத்தான் சொல்வேன். லாமார்க்-கோலங்கூர் நிலையத்தைச் சுற்றி ரொட்டிக் கடையும் காய்கறிக் கடையுமாக, அங்கேயே வாழ்பவர்களின் தெருக்கள் இருக்கின்றன. 1933இல் நட்ட திராட்சைத் தோட்டமும், ஓவியர் ரெனுவார் 1876இல் தங்கி வரைந்த வீட்டில் இன்று இயங்கும் அருங்காட்சியகமும் அங்கிருந்து சற்று ஏறினால் வந்துவிடும். அக்டோபரில் திராட்சை அறுவடை விழா நடக்கும் நாள்களில் மட்டும் கூட்டம் நெரியும்.

விளம்பரத்தில் 75018 என்ற அஞ்சல் எண்ணைப் பார்த்ததும் மோன்மார்த்ர்தான் என்று முடிவு கட்டக் கூடாது. பதினெட்டாம் வட்டாரம் முழுமைக்கும் பொதுவான எண் அது. குன்றிலிருந்து வெகுதூரம் தள்ளி, நகரத்தின் வடக்கு எல்லையில் இருக்கும் வீட்டுக்கும் அதுவே. தெருப்பெயரைக் கேளுங்கள். வீட்டை நாள்வாடகைக்கு விடுபவரானால், அதற்காக அரசிடம் பெற்ற பதிவு எண் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று பயந்து சமையலறை உள்ள வீட்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்கவும் வேண்டியதில்லை. குன்றின் அடிவாரத்து ஆன்வேர் நிலையத்தில் இரண்டாம் எண் மெட்ரோவில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் லா சப்பல். இறங்கியதும் ஈழத் தமிழர்களின் கடைத்தெரு, கொத்துரொட்டி தட்டும் சத்தத்தோடு.