நடுத்தரப் பயணியர் வாகன உரிமம்: விண்ணப்பிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருக்கைகளை எண்ணியோ வண்டியின் நீளத்தைப் பார்த்தோ எந்த உரிமம் தேவை என்று முடிவு செய்வதே இந்த விஷயத்தில் பலரும் செய்யும் முதல் தவறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கணக்கில் எடுப்பது மொத்த வாகன எடையை, அதாவது ஆட்களும் சுமையும் ஏறிய நிலையில் அந்த வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட எடையை. அது 7,500 கிலோ வரை இருந்தால் இலகுரக வாகனம். 12,000 கிலோவைத் தாண்டினால் கனரகப் பயணியர் வாகனம். இடைப்பட்டது நடுத்தரப் பயணியர் வாகனம். வாடகைக்கு ஓடாத கல்லூரிப் பேருந்துக்கும், நிறுவனம் தன் ஊழியரை ஏற்றிச் செல்லும் பேருந்துக்கும் இதே கணக்குதான். ஆகவே ஓட்டப் போகும் வண்டியின் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) எடையைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று வழங்கிய தீர்ப்பைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் பலர். இலகுரக வாகன உரிமம் உள்ளவர், 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை (சரக்கு வண்டி, வாடகை வண்டி, கல்லூரி அல்லது நிறுவனப் பேருந்து போன்றவை) உரிமத்தில் தனி ஒப்புதல் இல்லாமலே ஓட்டலாம் என்பதுதான் அத்தீர்ப்பு. கார் உரிமமே பேருந்துக்கும் போதும் என்று அது சொல்லவில்லை. எடை வரம்பைத் தாண்டிய வண்டியை உரிய உரிமமின்றி ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் அதையே காரணமாகக் காட்டிப் பொறுப்பை மறுக்கலாம். பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணம் தர நீதிமன்றம் உத்தரவிட்டாலும், அந்தத் தொகை பின்னர் வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலிக்கப்படக்கூடும்.

வயது 20 நிறைந்திருக்க வேண்டும், 18 போதாது. இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டு நிறைந்த பிறகே போக்குவரத்து வாகனத்துக்கான எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) கிடைக்கும். இந்த ஓராண்டைக் காருக்கு எல்.எல்.ஆர். வாங்கிய நாளிலிருந்து எண்ணுவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து வீணாகத் திரும்ப நேரிடும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்ற பழைய நிபந்தனை 2019-இல் நீக்கப்பட்டுவிட்டது.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது பயிற்சிச் சான்றிதழைப் பணம் கொடுத்து வாங்கிவிடும் வழக்கம். போக்குவரத்து வாகனப் பயிற்சி 30 நாட்களாவது நடைபெற வேண்டும் என்றும், அதில் 15 மணி நேரமாவது வண்டியை ஓட்டியிருக்க வேண்டும் என்றும் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. இந்த நேரத்தைக் குறைத்துக்கொள்பவர் பின்னால் அமரப்போகும் முப்பது பேரின் பாதுகாப்பையே குறைக்கிறார். மருத்துவச் சான்றிதழும் அப்படித்தான்: பார்வையைச் சோதிக்காமல் படிவத்தில் கையெழுத்து மட்டும் வாங்குவது தனக்கும் பயணிகளுக்கும் செய்யும் தீங்கு.

காரில் பழகிய கை, பேருந்தில் சில இடங்களில் ஏமாற்றிவிடும். பின் சக்கரத்துக்கு அப்பால் வண்டியின் உடல் வெகுதூரம் நீண்டிருப்பதால், வலப்பக்கம் திருப்பும்போது பின்முனை இடப்பக்கம் வெளியே வீசும். அந்தப் பக்கத்துக் கண்ணாடியைப் பார்க்காமல் திருப்பினால் அருகில் நிற்பவர் அடிபடுவார். காற்றழுத்த பிரேக் உள்ள வண்டியில், அழுத்தமானியின் முள் உரிய அளவுக்கு ஏறுமுன் கிளம்பக் கூடாது. பிரேக் மிதியை அடிக்கடி தேவையின்றி அழுத்தி அந்தக் காற்றைச் செலவழித்துவிடவும் கூடாது. ஏற்றத்தில் நிறுத்தி, பின்னோக்கி உருளாமல் மீண்டும் கிளப்புவதும், குறுகிய வாயிலுக்குள் பின்னோக்கிச் செலுத்துவதும் தேர்வில் கேட்கப்படுபவை. விண்ணப்பித்த வகை வண்டியில்தான் தேர்வு நடைபெறும் என்பதால், பயிற்சியையும் அந்த அளவு வண்டியிலேயே எடுத்திருக்க வேண்டும். தவறினால் ஏழு நாள் கழித்து மீண்டும் வரலாம். மூன்று முறை தவறியவர் 60 நாட்கள் காத்திருக்க வேண்டும்.

உரிமம் கைக்கு வந்ததும் பயணிகளை ஏற்றிவிடலாம் என்று எண்ண வேண்டாம். பொதுச் சேவை வாகனம் (கட்டணத்துக்குப் பயணிகளை ஏற்றும் வண்டி) ஓட்டுவதற்கு மாநில விதிகளின்படி பேட்ஜ் (ஓட்டுநர் அணியும் அடையாள வில்லை) தேவையா என்பதை அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அட்டையில் இரண்டு காலாவதித் தேதிகள் இருக்கும். கார், இருசக்கர வாகனத்துக்குரிய நீண்ட தேதியை மட்டும் பார்த்துவிட்டு, ஐந்தாண்டில் முடியும் போக்குவரத்து வாகனத் தேதியை மறந்துவிடுவோர் உண்டு. முன்பு காலாவதிக்குப் பின் அளிக்கப்பட்ட 30 நாள் சலுகை 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் எடுக்கப்பட்டுவிட்டதால், மறுநாளே பேருந்து ஓட்டும் தகுதி இல்லாமல் போகும். ஓராண்டு கடந்துவிட்டால் மீண்டும் ஓட்டுநர் தேர்வுக்கு நிற்க வேண்டும். தேதி முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம்.