அவுட்பில்டிங் கட்டும் முன் பக்கத்து வீட்டுக் கையெழுத்து: சாட்ஸ்வொர்த்காரர்களுக்கு (டர்பன், தென்னாப்பிரிக்கா)

பின்பக்கம் ஒரு அவுட்பில்டிங் (பெரிய வீட்டோடு சேராத தனிக்கட்டடம்), இல்லை கராஜை எல்லைச் சுவர்வரை இழுப்பது, எதுவானாலும் பிளான் கைக்கு வந்ததும் நேரே கவுன்சிலுக்கு (நகராட்சிக்கு) ஓடாதீர்கள். அக்கம்பக்கத்துச் சம்மதம் வேண்டுமா என்று பிளான் வரைந்தவரிடம் முதலில் கேளுங்கள். அந்த நிலத்துக்கான விதிகளுக்குள் அடங்கும் சாதாரணக் கட்டடம் என்றால் பக்கத்து வீட்டுக்காரரை முன்கூட்டியே கேட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, 2008இல் அரசியலமைப்பு நீதிமன்றமே அப்படித் தீர்ப்பளித்தது. ஆனால் பில்டிங் லைனை, அதாவது எல்லையிலிருந்து கட்டடம் தள்ளி நிற்க வேண்டிய கோட்டை, தாண்டினால், வீட்டில் கிரெஷோ (குழந்தைக் காப்பகம்) கடையோ வைத்தால், ரீசோனிங் (நிலத்தின் பயன்பாட்டு வகையை மாற்றுவது) கேட்டால் கதை வேறு. யார் யாருக்குத் தெரிவிக்க வேண்டும், எந்த வழியில் என்பதைக் கவுன்சில் கவுன்டரிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

அப்புறம், கையெழுத்துப் போட உரிமை யாருக்கு என்று பாருங்கள். நாங்கள் சறுக்கியது இங்கேதான். பக்கத்து வீட்டு அண்ணன் மனமுவந்து பிளானில் கையெழுத்துப் போட்டார், ஆனால் வீடு இன்னும் காலமான அவர் அப்பா பேரில்தான் இருந்தது, ஆகவே அது செல்லவில்லை. நம் பக்கம் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். அங்கே எஸ்டேட்டின் எக்ஸிக்யூட்டர்தான் (காலமானவரின் சொத்தைக் கவனிக்க நியமிக்கப்பட்டவர்) கையெழுத்திட வேண்டும், நியமனக் கடிதத்தின் நகலையும் சேர்த்து வாங்குங்கள். கணவன் மனைவி இருவருக்கும் பங்கு இருந்தால் இருவரும் போடட்டும். வாடகைக்கு இருப்பவர் போட்டால் செல்லாது. சந்தேகம் இருந்தால் டீட்ஸ் ஆபீஸில் (சொத்துப் பதிவு அலுவலகம்) தேடிப் பார்த்துவிடலாம், நம் குவாசுலு-நட்டால் மாகாணத்துக்கு அது பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது.

உங்கள் பிளான் பற்றிய நோட்டீஸ் பக்கத்து வீட்டுக்குத் தபாலில் போய்ச் சேருவதற்கு முன் நீங்கள் நேரில் போய்விடுங்கள், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். காவடி விரத நாட்களை விட்டுவிட்டு, ஒரு சனிக்கிழமை பிற்பகல் போனால் ஆள் இருப்பார்கள். பிளானை மேசையில் விரித்ததோடு நிறுத்தாமல் அளவு டேப்போடு வெளியே வாருங்கள். எல்லையிலிருந்து சுவர் எங்கே வரும் என்று நூல் கட்டிக் காட்டினேன். அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆன்ட்டி அப்போதுதான், "என் குசினி ஜன்னலுக்கு நேரே வருதே தம்பி" என்றார். ஜன்னலை எதிர்ப்பக்கம் மாற்றினோம், முடிந்தது. நம் வீடுகள் சரிவில் இருப்பதால் மழைத்தண்ணீர் எங்கே போகும், மண்மேடு நிற்குமா என்று கட்டாயம் கேட்பார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் கேட்காமல் எப்படி இருப்பார்கள்? கூரைத் தண்ணீர் வடியும் வழியைப் பிளானில் விரலை வைத்துக் காட்டுங்கள்.

கையெழுத்தைத் தனித்தாளில் மட்டும் வாங்காமல் பிளானின் ஒவ்வொரு பக்கத்திலும், பெயர், எர்ஃப் எண் (மனை எண்), தேதியோடு வாங்குங்கள். பிறகு பிளானை மாற்றினால் அந்தச் சம்மதம் பழைய பிளானுக்குத்தான், திரும்பப் போய்த்தான் ஆக வேண்டும். பதிவுத் தபால் ரசீது, கேட்டில் ஒட்டிய நோட்டீஸின் படம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள்.

மறுத்தால்? வற்புறுத்த வேண்டாம், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அவர் மறுத்ததாலேயே மனு செத்துவிடாது, முடிவெடுப்பது கவுன்சில். உங்கள் பதிலையும் எழுத்திலேயே கொடுங்கள்.

500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடப் பிளானுக்கு, எல்லாத் தாள்களும் சரியாக இருந்தால், 30 நாளுக்குள் கவுன்சில் பதில் சொல்ல வேண்டும். ஒப்புதல் வந்து 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் அது காலாவதியாகும். செங்கல் லாரி வருவதற்கு முந்தின நாள், முத்திரை விழுந்த பிளானைப் பக்கத்து வீட்டாரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வந்துவிடுங்கள்.