ஃபார்மால்டிஹைடு விதிகள்: எண்ணை மட்டும் பார்த்தால் எங்கே சறுக்கும்?

துணியில் 75. வேலையிடத்துக் காற்றில் 0.75. பிளைவுட்டில் 0.05. மூன்றுக்கும் பின்னால் பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்றுதான் போட்டிருப்பார்கள். மூன்றும் ஃபார்மால்டிஹைடு என்ற, கண்ணை எரிக்கும் வாயுவுக்கான வரம்புகள்தான். இதைப் பார்த்துவிட்டு, "உடம்பில் ஒட்டிக்கொண்டு கிடக்கும் துணிக்கு மட்டும் நூறு மடங்கு சலுகையா?" என்று கொதிப்பவர்கள் உண்டு. கேள்வியே தப்பு. துணியின் 75 எடைக் கணக்கு: ஒரு கிலோ துணியில் 75 மில்லிகிராம். வேலையிடத்தின் 0.75 கன அளவுக் கணக்கு: பத்து லட்சம் பங்கு காற்றில் முக்கால் பங்கு வாயு. அதை எடைக்கு மாற்றினால் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 0.92 மில்லிகிராம் வரும். பிளைவுட்டின் 0.05 பலகைக்குள் இருக்கும் அளவே கிடையாது. பலகையை ஒரு சோதனை அறைக்குள் வைத்தால் அந்த அறைக் காற்றில் எவ்வளவு சேர்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது.

ஆகவே எந்த எண்ணைப் பார்த்தாலும் எதில் அளந்தார்கள், எவ்வளவு நேரத்துக்கு, எந்த முறையில் என்று கேட்டுவிட வேண்டும். இந்தப் பதில்கள் இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு ஒரு முடிவும் எடுக்க முடியாது. இந்த விஷயத்தில் நடக்கும் பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

ஒரு நாட்டு ரிப்போர்ட்டை இன்னொரு நாட்டுக்குக் காட்டுவது

திருப்பூர், கரூர் பக்கம் ஏற்றுமதி வேலை பார்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த தலைவலி. காட்டன் துணி கசங்காமல் நிற்கப் போடும் ரெசின் ஃபினிஷ், பிக்மென்ட் பிரிண்டில் சேர்க்கும் பைண்டர், சாயம் போகாமல் இருக்க ஊற்றும் ஃபிக்ஸர் என எந்த வழியிலும் ஃபார்மால்டிஹைடு துணிக்குள் வரலாம்.

லேபில் என்ன செய்கிறார்கள்? ஒரு கிராம் துணியைச் சின்னச் சின்னதாக வெட்டி, 100 மில்லி தண்ணீரில் போட்டு, 40 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்கிறார்கள். வடிகட்டிய நீரில் அசிடைல் அசிடோன் கரைசலைச் சேர்த்தால், ஃபார்மால்டிஹைடு இருந்தால் மஞ்சள் ஏறும். எவ்வளவு மஞ்சள் என்பதைக் கருவி 412 நானோமீட்டரில் படிக்கிறது. இது ஐ.எஸ்.ஓ. 14184-இன் முதல் பகுதி. அளவு கிலோவுக்கு 16 மி.கி.க்குக் கீழே போனால் "கண்டறியப்படவில்லை" என்று எழுதுவார்கள். கவனியுங்கள், பூஜ்யம் என்று எழுதுவதில்லை. அதே தரத்தின் இரண்டாம் பகுதியில் துணியைத் தண்ணீரில் நனைப்பதே இல்லை. மூடிய ஜாடிக்குள் தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டு 49 டிகிரியில் 20 மணி நேரம் விடுகிறார்கள். ஒரே துணிதான், ஆனால் இரண்டு முறையிலும் ஒரே எண் வராது. ரிப்போர்ட்டில் முதலில் படிக்க வேண்டியது ரிசல்ட்டை அல்ல, முறையின் பெயரை.

வரம்பும் ஊருக்கு ஊர் வேறு. ஜப்பானில் 24 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைத் துணிக்கு 16 பி.பி.எம். சீனாவில் குழந்தைத் துணிக்கு 20, தோலில் படும் உடைக்கு 75, தோலில் நேரடியாகப் படாத உடைக்கு 300. அமெரிக்காவில் துணிக்கென்று மத்திய அரசு வரம்பே இல்லை. 2010-ல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 180 பொருட்களைச் சோதித்து, பெரும்பாலானவை 75-க்குக் கீழே இருப்பதாகவும் 10 மட்டும் தாண்டியதாகவும் அறிக்கை தந்தது. அரசு வரம்பு இல்லையென்றால் தலைவலி இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே பையரின் ஒப்பந்தமே சட்டம், அது அரசாங்கத்தைவிடக் கறாராகவும் இருக்கும்.

துணி லேபில் தேறிவிட்டது என்று நிம்மதியாக இருப்பதும் தவறுதான். இது வாயுவாகக் கிளம்பும் பொருள் என்பதால், ரெசின் போட்ட பேன்ட் துணிப் பக்கத்தில் சுத்தமான குழந்தைச் சட்டையை அடுக்கினால் சட்டை அதை இழுத்துக்கொள்ளும். ஜப்பானியக் கடைகளில் கைக்குழந்தை உள்ளாடைகள் ஒட்டிய பாலித்தீன் பையில் தொங்குவது அழகுக்காக அல்ல.

எட்டு மணி நேரச் சராசரியில் பத்து நிமிடத்தைத் தொலைப்பது

வேலையிட விதிகளில் எப்போதும் இரண்டு எண்கள் இருக்கும். அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 8 மணி நேரச் சராசரிக்கு 0.75 பி.பி.எம்., 15 நிமிடத்துக்கு 2 பி.பி.எம். என்கிறது. சராசரி 0.5-ஐத் தொட்டாலே தொடர் அளவீடு, மருத்துவக் கண்காணிப்பு எல்லாம் தொடங்கிவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் கொண்டுவந்த வரம்பு 0.3, 15 நிமிடத்துக்கு 0.6. மருத்துவமனைகளுக்கும் உடலைப் பதப்படுத்தும் தொழிலுக்கும் மட்டும் 2024 ஜூலை வரை 0.5 என்று அவகாசம் கொடுத்திருந்தார்கள், அதுவும் முடிந்துவிட்டது. இந்தியாவில் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை 8 மணி நேரத்துக்கு 1, 15 நிமிடத்துக்கு 2 என்றது.

இப்போது ஒரு பேத்தாலஜி லேபுக்குள் போய்ப் பாருங்கள். காலையில் கேன்களில் வந்த திசுக்களை வெட்டும் மேஜை. மூடியைத் திறக்கும் நொடி, திசுவைக் கையில் எடுத்துக் குனிந்து பார்க்கும் நேரம், மாலையில் பழைய ஃபார்மலினை (ஃபார்மால்டிஹைடு கரைந்த நீர்) தொட்டியில் கொட்டும் ஐந்து பத்து நிமிடம். கண் எரிவது அப்போதுதான். மீதி நேரமெல்லாம் மைக்ரோஸ்கோப் முன்னால், வேறு அறையில். நாள் முழுதும் சட்டையில் மாட்டிய அளவீட்டுப் பட்டை "சராசரி சரி" என்று சொல்லிவிடும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் 15 நிமிட வரம்பு உடைந்திருக்கலாம். அதைத் தனியாக அளக்காமல் "எங்கள் லேப் வரம்புக்குள்" என்று ஃபைலில் எழுதுவது விதியைப் பாதி மட்டும் படிப்பது.

இங்கேயே இன்னொரு குழப்பம். 10 சதவீத ஃபார்மலின் என்றால் 10 சதவீத ஃபார்மால்டிஹைடு இல்லை. கடையில் விற்கும் ஃபார்மலினே ஏறத்தாழ 37 சதவீதக் கரைசல். அதைப் பத்தில் ஒரு பங்காகக் கரைத்தால் கிடைப்பது சுமார் 4 சதவீதம். ரசாயன லேபிள் எழுதுகிறவர் இதைத் தப்பாக எழுதினால் பாதுகாப்பு ஏற்பாடு முழுதும் தப்பாகிவிடும். என்-95 மாஸ்க்கும் அப்படித்தான். அது தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. அதற்கென்று உள்ள கார்ட்ரிட்ஜ் வேண்டும், அதைவிட மேஜைக்குப் பின்னால் காற்றை உறிஞ்சும் அமைப்பு வேண்டும். "வாசனை வரவில்லையே" என்ற வாதமும் எடுபடாது. மூக்கு ஆளுக்கு ஆள் மாறும், கொஞ்ச நேரத்தில் பழகியும் விடும்.

வரம்புக்குக் கீழே என்றால் ஆபத்தே இல்லை என்று நினைப்பதும் பரவலான பிழை. அமெரிக்காவின் ஆய்வு அமைப்பான நியோஷ் பரிந்துரைக்கும் அளவு 0.016 பி.பி.எம். ஓஷாவின் 0.75-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓஷாவின் எண்ணேகூட 3-லிருந்து 1987-ல் 1 ஆகி, 1992-ல் 0.75 ஆனது. சட்ட வரம்பில் உடல்நலம் மட்டுமல்ல, தொழில்துறையால் எது முடியும் என்ற பேரமும் கலந்திருக்கிறது.

விதி இருக்கிறது, ஆகவே இதற்கும் பொருந்தும் என்று நம்புவது

இதற்குச் சிறந்த பாடம் 2005-ல் கத்ரினா புயலுக்குப் பிறகு நடந்தது. வீடிழந்தவர்களுக்கு அமெரிக்க அரசு டிரெய்லர் வீடுகளைக் கொடுத்தது. உள்ளே முழுக்க ஃபார்மால்டிஹைடு பசையில் ஒட்டிய பார்ட்டிகிள் போர்டும் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) மலிவு பிளைவுட்டும். சில காலத்தில் கண் எரிச்சல், மூச்சிரைப்பு என்று புகார்கள் வந்தன. நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் 519 வீடுகளில் அளந்தபோது சராசரி 0.077 பி.பி.எம். வந்தது. சில வீடுகளில் அதைவிடப் பல மடங்கு.

அப்படியானால் பலகைக்கு விதியே இல்லையா? இருந்தது. 1980-களிலிருந்தே தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிறுத்தும் வீடுகளின் பிளைவுட்டுக்கும் பார்ட்டிகிள் போர்டுக்கும் உமிழ்வு வரம்பு அமலில் இருந்தது. ஆனால் வண்டியில் இழுத்துப் போகும் டிராவல் டிரெய்லர் அந்தச் சட்டத்தின் பார்வையில் "வீடு" இல்லை. அதற்குள் ஒரு குடும்பம் வருடக்கணக்கில் குடியிருந்தாலும் விதி வாசலிலேயே நின்றுவிட்டது. நாடு முழுதுக்குமான மரப்பலகைச் சட்டம் 2010-ல்தான் வந்தது. அதன் கீழ் விதி இறுதியானது 2016-ல். இன்று அங்கே ஹார்ட்வுட் பிளைவுட்டுக்கு 0.05, பார்ட்டிகிள் போர்டுக்கு 0.09, மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்.க்கு 0.11 பி.பி.எம்.

நம்மூரில் இதே தவறு சின்ன அளவில் தினமும் நடக்கிறது. மாடுலர் கிச்சன் போடுகிறவர் "ஈ-ஒன் போர்டு சார், ஈ-ஜீரோவும் இருக்கு" என்பார். ஈ-ஒன் ஐரோப்பிய உமிழ்வு வகுப்பு. ஈ-ஜீரோ என்ற வகுப்பு ஐரோப்பியத் தரத்தில் கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி அதன் பொருள் மாறலாம். எந்தச் சோதனை, எத்தனை மி.கி. என்று எழுத்தில் கேளுங்கள். இன்னொன்று: ஐரோப்பியச் சோதனை அறை 23 டிகிரியில், 45 சதவீத ஈரப்பதத்தில் இயங்குகிறது. சூடும் ஈரமும் ஏறினால் பலகை அதிகமாக உமிழும். சென்னையின் மே மாதம் எந்தச் சான்றிதழிலும் இல்லை. வெட்டி, எட்ஜ் பேண்ட் ஒட்டாமல் விட்ட ஓரங்களும் அந்தச் சான்றிதழுக்கு வெளியேதான்.

"ஃபார்மால்டிஹைடு இல்லை" என்ற லேபிளை அப்படியே நம்புவது

தலைமுடியை நேராக்கும் கெரட்டின் டிரீட்மென்ட் இதில் கெட்டிக்காரத்தனமான உதாரணம். 2010-ல் ஆரிகன் மாநில வேலையிடப் பாதுகாப்புத் துறை "பிரேசிலியன் புளோஅவுட்" கரைசலைச் சோதித்தது. "ஃபார்மால்டிஹைடு இல்லை" என்று விற்கப்பட்ட அதில் பல சதவீதம் இருந்தது. தயாரித்த கம்பெனியின் வாதம் என்னவென்றால், கரைசலில் இருப்பது மெத்திலீன் கிளைக்கால். வேதியியலில் அது உண்மைதான், ஃபார்மால்டிஹைடு தண்ணீரில் கரைந்தால் அப்படித்தான் இருக்கும். ஆனால் மேலே சூடான அயர்ன் வைத்ததும் வாயுவாகக் கிளம்பி, முதலில் அதைச் சுவாசிப்பது நாள் முழுதும் நிற்கும் சலூன் ஊழியர். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011-ல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

ஷாம்பூ, லோஷனில் வேறு வழி. டி.எம்.டி.எம். ஹைடான்டாயின், குவாட்டர்னியம்-15, இமிடாசோலிடினைல் யூரியா போன்றவை கொஞ்சம் கொஞ்சமாக ஃபார்மால்டிஹைடை விடுவிக்கும் பதப்படுத்திகள். ஐரோப்பாவில் ஃபார்மால்டிஹைடைச் சேர்க்கவே தடை. குவாட்டர்னியம்-15-க்கும் இப்போது அங்கே தடை. மற்றப் பதப்படுத்திகளுக்கு அனுமதி உண்டு, ஆனால் விடுவிக்கும் அளவு 0.001 சதவீதத்தைத் தாண்டினால் லேபிளில் சொல்ல வேண்டும். முன்பு இந்த எல்லை 0.05 சதவீதமாக இருந்தது.

மீனில் தலைகீழ்த் தவறு. 2018-ல் கேரளத்தில் ஃபார்மலின் மீன் பிடிபட்ட பிறகு, சோதனைத் தாளில் நிறம் தெரிந்தாலே "கலப்படம்" என்று பேச ஆரம்பித்தார்கள். மீன் கெடும்போதும் உறைநிலையில் கிடக்கும்போதும் அதன் உடலிலேயே கொஞ்சம் ஃபார்மால்டிஹைடு உருவாகும், பாம்பே டக் போன்ற மீன்களில் கூடுதலாக. பதப்படுத்த ஃபார்மலின் ஊற்றுவது முழுக்கச் சட்டவிரோதம், அதில் சலுகை இல்லை. ஆனால் இயற்கையாக வருவதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் மீன் வகைக்கு ஏற்பத் தனி வரம்பு வைத்திருக்கிறது. அளவு சொல்லாத சோதனையால் வியாபாரியையும் குற்றம் சொல்ல முடியாது, மீனையும் நம்ப முடியாது.

பழைய தேதியோடு வேலை பார்ப்பது

2004-ல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று முதல் பட்டியலில் சேர்த்தது. அது ஆபத்தின் தன்மையைச் சொல்கிறது, எவ்வளவு அனுமதி என்று அல்ல. 2025 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்டது இடர் மதிப்பீடு, விதி அல்ல. தடையும் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. சுவரில் நிரப்பும் யூரியா ஃபார்மால்டிஹைடு நுரைக்கு அமெரிக்கா 1982-ல் போட்ட தடையை அடுத்த வருடமே நீதிமன்றம் நீக்கியது. கனடாவில் 1980-ல் வந்த தடை நிலைத்தது.

ஏற்றுமதியாளர்களுக்கு இப்போது முக்கியமானவை ஐரோப்பியத் தேதிகள். ஜாக்கெட், கோட், சோஃபா துணிக்கு 300 மி.கி. வரை விட்டுவைத்த சலுகை 2023 நவம்பர் 1-ஆம் தேதியோடு முடிந்தது. அவற்றுக்கும் இனி 75-தான். "ஜாக்கெட்டுக்கு 300 பரவாயில்லை" என்ற பழைய அட்டவணை இன்னும் சில மெர்ச்சண்டைசர்களின் எக்செல் ஷீட்டில் உயிரோடு இருக்கிறது. மர ஃபர்னிச்சருக்குப் புதிய உமிழ்வு வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 0.062 மி.கி., மற்றப் பல பொருட்களுக்கு 0.080, அமலாகும் நாள் 2026 ஆகஸ்ட் 6. வண்டிகளின் உட்புறத்துக்கு அதிலிருந்து ஒரு வருடம் கூடுதல் அவகாசம். ஈ-ஒன் வகுப்பின் 0.124, மர ஃபர்னிச்சரின் 0.062-ஐப் போல இருமடங்கு. ஆகவே ஈ-ஒன் சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தேதிக்குப் பிறகு போகும் கன்டெய்னருக்கு ஆர்டர் எடுப்பவர், முதலில் போர்டு சப்ளையரிடம் புதிய சோதனை ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.