ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் சவர்த் தண்ணீரும்: கடற்கரை வீடுகளில் கரைசலைச் சரியாகக் கலப்பது எப்படி

பேதியில் உடல் இழக்கும் தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டக் கரைத்துக் குடிக்கும் பவுடர்தான் ஓ.ஆர்.எஸ். அந்தப் பொட்டலத்தின் பின்புறம் "ஒரு லிட்டர் சுத்தமான குடிநீரில் கரைக்கவும்" என்றுதான் போட்டிருக்கும். நல்ல தண்ணீரை மனதில் வைத்து எழுதிய வரி அது. ராமநாதபுரம் கரையில் தொண்டியிலிருந்து தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி வரைக்கும் பல வீடுகளில் முதலில் கைக்கு வருவது உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர். குழந்தைக்கு வயிற்றால் போகும்போது பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்னால் தண்ணீரைப் பார்க்க வேண்டும். இந்தக் குறிப்பில் தண்ணீரைப் பற்றி நிறைய இருப்பதற்குக் காரணம் அதுதான்.

பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது?

20.5 கிராம் பொட்டலத்தில் சமையல் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் உப்பு 2.9 கிராம் இருக்கும். குளுக்கோஸைச் சேர்த்தது இனிப்புக்காக அல்ல. பேதியின்போதும் குடல் சுவரில் ஒரு வழி அடைபடாமல் இருக்கும். அந்த வழியில் குளுக்கோஸும் உப்பிலுள்ள சோடியமும் கைகோத்துத்தான் உள்ளே போகும், தண்ணீர் அவற்றின் பின்னால் போகும். அதனால்தான் கரைசலில் இரண்டும் லிட்டருக்கு 75 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைக் கணக்கிடும் அலகு) என்று சமமாக வைத்திருக்கிறார்கள்.

இந்த அளவுக்கு வந்து சேர உலகத்துக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 1971-இல் வங்கதேச அகதிகள் குவிந்திருந்த பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் கரைத்து வாய்வழியாகவே கொடுக்க வைத்தார். இறப்பு வெகுவாகக் குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் பின்னர் உலகெங்கும் கொண்டுசென்ற பழைய பொட்டலத்தில் சோடியம் 90 மில்லிமோல், கரைந்த எல்லாத் துகள்களையும் சேர்த்த மொத்தச் செறிவு 311. உப்பு சற்றுக் கூடுதலாக இருப்பதாக ஆய்வுகள் காட்டியதால் 2002-இல் சோடியத்தை 75-க்கும் செறிவை 245-க்கும் இறக்கினார்கள். அந்தச் சிறு குறைப்பால் நரம்பில் திரவம் ஏற்ற வேண்டிய தேவை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வாந்தியும் பேதியின் அளவும் குறைந்தன.

நம் கிணற்றுத் தண்ணீர் இந்தக் கணக்கைத்தான் குலைக்கிறது.

தண்ணீரைத் தேர்ந்தெடுப்பது

தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அங்கன்வாடிக்கோ மகளிர் குழுவுக்கோ ஒன்று இருந்தால் தெருவுக்கே போதும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு தண்ணீரே இல்லாதபோது பொறுக்கக்கூடிய உச்சம் 2000.

கரையோரத்தில் இந்த உப்பில் பெரும்பங்கு கடலுப்பு. அத்தனையும் சமையல் உப்பு என்றே வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 காட்டும் தண்ணீரில் கரைத்தால் சோடியம் 75-லிருந்து சுமார் 92-க்கு ஏறும், அதாவது கைவிட்ட பழைய பொட்டலத்தின் அளவுக்கு. 2000 காட்டும் தண்ணீரில் கரைத்தால் சோடியம் சுமார் 109, செறிவு 313. இருபது ஆண்டு ஆராய்ச்சி இறக்கி வைத்த உப்பை ஒரு குடம் தண்ணீர் திரும்பவும் ஏற்றிவிடுகிறது. குழந்தை முகம் சுளிக்கும், வாந்தி எடுக்கும், தாகம் கூடும். "பவுடர் ஒத்துக்கல" என்று வீட்டில் நிறுத்திவிடுவார்கள். பழி பவுடர் மேல் விழும்.

எனவே 500-க்குள் இருந்தால் தயங்காமல் கலக்கலாம். காவிரிக் கூட்டுக் குடிநீர், ஆர்.ஓ. கேன் தண்ணீர், மூடிவைத்த மழைநீர் மூன்றும் பெரும்பாலும் இதற்குள் வரும். 500-க்கும் 1000-க்கும் இடையில் என்றால் அவசரத்துக்குக் கலக்கலாம், அடுத்த லிட்டருக்குள் நல்ல தண்ணீர் தேடிவிட வேண்டும். அதற்கு மேல் காட்டினால் அந்தத் தண்ணீர் கரைசலுக்கு ஆகாது. மீட்டர் இல்லாத இடத்தில் நாக்குத்தான் மீட்டர்: வெறும் தண்ணீரே உப்புக் கரித்தால் அதைத் தொட வேண்டாம். கலந்து முடித்த கரைசலும் கண்ணீரைவிட உப்பாக இருக்கக் கூடாது. ஊட்டுவதற்கு முன் பெரியவர் ஒருவர் ஒரு கரண்டி ருசி பார்க்க வேண்டும்.

மணல் ஊற்றை நம்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மணலுக்கடியில் மழைநீர் கடல் நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. மார்கழியில் தித்திக்கும் ஊற்று சித்திரையில் கரிக்கும். போன முறை சரியாக இருந்தது என்பதற்காக இந்த முறையும் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு அப்படியே இருக்கும். நீண்ட நேரம் வற்றக் கொதித்தால் தண்ணீர் இன்னும் உப்பாகும். நல்ல தண்ணீரை மூடிபோட்டு, தளதளவென்று கொதி வந்ததும் ஒரு நிமிடம் விட்டு இறக்கி, நன்றாக ஆறவிட்டுப் பிறகு பவுடரைப் போடுங்கள். கலந்த கரைசலைச் சூடாக்கக் கூடாது. கேன் தண்ணீர் ஆர்.ஓ. என்றாலும் திறந்த குடத்தில் ஊற்றிக் கைவிட்டு மொண்டால் கிருமி வந்துவிடும், அதையும் கொதிக்க வைப்பதே நல்லது.

உப்புத் தண்ணீர்தான் இருக்கிறது, பவுடரைப் பாதியாகக் குறைத்துப் போடலாமா என்று பலருக்கும் தோன்றும். கூடாது. உப்பு ஒருவேளை சரியாகிவிடும், ஆனால் குளுக்கோஸும் பொட்டாசியமும் பாதியாகிவிடும். குளுக்கோஸ் குறைந்தால் உப்பும் தண்ணீரும் குடலிலிருந்து உடலுக்குள் சரியாக ஏறாது. தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்துக்கொண்டு, அதற்குள் அக்கம்பக்கத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் வாங்கி வரச் சொல்லுங்கள். ஐந்து வயதுக்குள் பிள்ளை உள்ள வீட்டில் இரண்டு பொட்டலமும், மூடி உடைக்காத இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் விற்கும் தள்ளுவண்டி வராது.

கலப்பது

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கடையில் வாங்கிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்தான் நம்பகமான அளவு. "அஞ்சு டம்ளர்" என்பது வீட்டுக்கு வீடு மாறும். பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர். நாலேகால் கிராம் அளவில் வரும் சின்னப் பொட்டலத்துக்கு 200 மில்லி. வாங்கும்போதே உறையில் போட்டிருக்கும் அளவைப் பாருங்கள், சின்னதை ஒரு லிட்டரில் கரைத்துவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு.

பொட்டலம் முழுவதையும் ஒரே தடவையில் கொட்ட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிப் போட்டால் ஒரு கிள்ளில் உப்பு கூடும், இன்னொன்றில் குளுக்கோஸ் கூடும். சர்க்கரை, எலுமிச்சை, பால் எதுவும் சேர்க்க வேண்டாம். மூடிவைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள், மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். கடல் காற்றில் பவுடர் கட்டிதட்டும். வெள்ளையாக இருந்து, தட்டினால் உதிர்ந்தால் பரவாயில்லை. பழுப்பு நிறமாகிப் பிசுபிசுத்தால் எறிந்துவிடுங்கள்.

பொட்டலமே கிடைக்காத நேரத்துக்கு: ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. குவிக்காமல் தலைதட்டி அளக்க வேண்டும், தேக்கரண்டி 5 மில்லி அளவாக இருக்க வேண்டும். இதில் பொட்டாசியம் இல்லை, பொட்டலம் வந்துசேரும் வரைக்கும்தான் இது.

கடையில் டப்பாவில் விற்கும் பழச்சுவைப் பானங்கள் இதற்கு மாற்று அல்ல. பலவற்றில் சர்க்கரை மிக அதிகம், பேதி கூடும். சரியான கலவையில் இல்லாத பானங்கள் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. குளுக்கோஸ் பவுடரில் உப்பு இல்லை. இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் போதாது. கரைசலோடு கூடக் கொடுக்கலாம், கரைசலுக்குப் பதிலாக அல்ல. பதநீரும் கருப்பட்டித் தண்ணீரும் பேதி நிற்கும் வரை வேண்டாம்.

ஊட்டுவது

இரண்டு வயதுக்குள் இருந்தால் ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும் 50 முதல் 100 மில்லி. இரண்டு முதல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. வளரிளம் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் வேண்டுமட்டும். கர்ப்பிணிகளும் தயங்காமல் குடிக்கலாம், ஆனால் பேதியோடு தலைசுற்றலோ குழந்தையின் அசைவு குறைவதோ தெரிந்தால் வீட்டில் இருக்கக் கூடாது.

கைக்குழந்தைக்குக் கரண்டியில் அல்லது பாலாடையில், ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி. ரப்பர் பாட்டில் வேண்டாம். மடமடவென்று குடிக்கவிட்டால் வயிறு புரட்டி வாந்தி வரும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டியாகத் தொடருங்கள். கரைசல் கொடுத்தும் பேதி நிற்கவில்லையே என்று கைவிடாதீர்கள். பேதியை நிறுத்துவது இதன் வேலை அல்ல, போன தண்ணீரை ஈடுகட்டுவதுதான்.

தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. ஆறு மாதம் கடந்த குழந்தைக்குக் கஞ்சி, குழைந்த பருப்புச் சாதம், இட்லி, வாழைப்பழம் கொடுங்கள். வயிற்றைக் காயப்போடுவது பழைய வழக்கம், அதனால் குழந்தை இளைப்பதுதான் மிச்சம். பேதி நின்ற பின் இரண்டு வாரத்துக்கு நாளைக்கு ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள்.

துத்தநாக மாத்திரை

கரைசலோடு துத்தநாகமும் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2004-இல் கூட்டாக அறிவித்தன. நம் ஊரில் ஜிங்க் மாத்திரை என்றால்தான் தெரியும். இரண்டு முதல் ஆறு மாதம் வரை நாளைக்கு 10 மில்லிகிராம், அதாவது அரை மாத்திரை, பீய்ச்சிய தாய்ப்பாலில் கரைத்து. ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், ஒரு முழு மாத்திரை. மொத்தம் 14 நாள். மூன்றாம் நாள் பேதி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். மிச்ச நாட்கள்தான் அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்குப் பேதி திரும்ப வராமல் காப்பவை. அங்கன்வாடியிலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ இரண்டையும் இலவசமாகக் கேட்டு வாங்கலாம். பேதியை உடனே நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

எப்போது கிளம்ப வேண்டும்?

தொப்புளுக்கும் விலாப்பக்கத்துக்கும் நடுவில் வயிற்றுத் தோலைக் கிள்ளி விடுங்கள். மெதுவாகப் படிந்தாலோ, கண் குழிந்திருந்தாலோ, குழந்தை சிடுசிடுத்துக் கரைசலைத் தவித்துக் குடித்தாலோ அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கே எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 75 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் கொடுப்பார்கள். எட்டுக் கிலோ குழந்தைக்கு 600 மில்லி.

தோல் படிய இரண்டு விநாடிக்கு மேல் ஆனால், குழந்தை துவண்டு கிடந்தால், குடிக்க முடியாவிட்டால் உடனே 108. விழுங்க முடிகிற குழந்தைக்கு வழியெல்லாம் கரண்டியால் கொடுத்துக்கொண்டே போங்கள். மலத்தில் ரத்தம் வந்தாலும், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பச்சிளங்குழந்தை என்றாலும் வீட்டு வைத்தியம் கிடையாது. உச்சிக்குழி உள்வாங்குவது உடலில் தண்ணீர் வற்றியதற்கான அடையாளம். அந்த நேரத்தில் தொக்கம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனால், ஊட்ட வேண்டிய மணி நேரங்கள் வீணாகிவிடும்.

அரிசி கழுவிய தண்ணீர் போலப் போனாலோ, ஒரே தெருவில் பெரியவர்களுக்கும் சேர்ந்து வந்தாலோ காலராவாக இருக்கலாம். செவிலியருக்குச் சொல்லுங்கள், 104 சுகாதார உதவி எண்ணிலும் சொல்லலாம். எந்தக் குழாயில், எந்த ஊற்றில், எந்த வண்டியில் தண்ணீர் எடுத்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கைக்குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து இலவசம். தடுப்பூசி அட்டையில் மூன்றும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.