தாடைத் தசை வலி: சிகிச்சைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மார்ச் பிறந்தால் போதும், இடது காதுக்கு முன்னால் மந்தமாக ஒரு வலி வந்து உட்கார்ந்துகொள்ளும். முதல் வருடம் பல்வலி என்று நினைத்தேன். போன இடத்திலும் அதையேதான் சொன்னார்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்து கேப்பும் போட்டு அனுப்பினார்கள். பணம் போனது, வலி போகவில்லை. "ஏம்மா, அந்தப் பல்லையே புடுங்கிப் போட்டுடேன், சனியன் தொலையட்டும்" என்றார் பக்கத்து வீட்டு ஆயா. நல்லவேளை, கேட்கவில்லை. கன்னத்துத் தசையில் கிளம்பும் வலி கடைவாய்ப் பல்லில் இருப்பதுபோலத் தெரியும் என்பது அப்புறம்தான் புரிந்தது.

அடுத்து நான் செய்தது பெரிய முட்டாள்தனம். மாத்திரை, காதுக்குச் சொட்டு மருந்து, இரவில் மாட்டிக்கொள்ளும் பல் உறை, வெந்நீர் ஒத்தடம் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தொடங்கினேன். மே மாதம் வலி குறைந்தது. எதனால் குறைந்தது? இன்றுவரை தெரியாது. கணக்கு முடிந்து வேலை குறைந்ததுகூடக் காரணமாக இருக்கலாம். அடுத்த முறை நோட்டுப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: இது தசை வலிதானா?

இரண்டு விரல் நுனியைக் கன்னத்தில், காதுக்குக் கொஞ்சம் கீழே முன்பக்கமாக வைத்துப் பல்லைக் கடியுங்கள். உருண்டு எழுகிறதே, அதுதான் மெல்லும் தசை. நெற்றிப்பொட்டில் வைத்துக் கடித்தால் அங்கேயும் ஒன்று அசையும். கடிப்பதை விட்டுவிட்டு, அந்த இடங்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு அழுத்துவது? பல் மருத்துவர்கள் இந்தப் பரிசோதனைக்கு வைத்திருக்கும் அளவு ஒரு கிலோ. நான் சமையலறை எலக்ட்ரானிக் தராசை எடுத்து, விரல் நுனியால் அழுத்தி 1000 கிராம் வரும்வரை பழகினேன். நாம் நினைப்பதைவிட அது அதிகம். கை பழகியதும் அதே அழுத்தத்தைக் கன்னத்தில் கொடுத்து இரண்டு விநாடி வையுங்கள். வலி பல்லுக்கோ காதுக்கோ பரவுகிறதா என்று பார்க்க ஐந்து விநாடி.

வலித்தால் மட்டும் போதாது. "அட, என்னைத் தினமும் படுத்துகிற வலி இதேதான்" என்று தோன்ற வேண்டும். எனக்கு ஐந்தாவது விநாடியில் அந்த ரூட் கெனால் பல் விண்ணென்று தெறித்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

இதோடு நின்றுவிடாதீர்கள், ஒருமுறை மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். சில வலிகளுக்கு நோட்டும் வேண்டாம், ஒப்பீடும் வேண்டாம், உடனே கிளம்ப வேண்டும். படி ஏறும்போது தாடை வலித்து, நின்றால் குறைந்தால் அது இதயமாக இருக்கலாம். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலி, மெல்லும்போது தாடைச் சோர்வு, தலையைத் தொட்டால் வலி, பார்வைக் கோளாறு என்று சேர்ந்து வந்தால் கண் போகும் ஆபத்து உண்டு. வீக்கம், காய்ச்சல் இருந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். அப்புறம், பாக்கு, பான்பராக் போடுபவருக்கு வாய் நாளுக்கு நாள் குறுகிக்கொண்டே வந்தால் அது தசை வலி இல்லை. கன்னத்தின் உட்சவ்வு நார்போல இறுகுகிறது, புற்றுநோய்க்கு முந்தைய நிலை அது. ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

படி 2: இரண்டு வாரம் எதுவும் செய்யாமல் எழுதுங்கள்

இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறோம். இந்த வலி ஏறும், இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் டாக்டரிடம் ஓடுவோம். அது தானாக இறங்கும் நேரத்தில் எதைச் செய்திருந்தாலும் பெயர் அதற்குப் போய்விடும். என் அத்தைக்கு மந்திரித்த கயிறு, எனக்குப் பல் உறை.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். காலையிலும் இரவிலும் வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண். அன்று போட்ட மாத்திரை எத்தனை. வாரம் ஒருமுறை வாய் எவ்வளவு திறக்கிறது என்ற அளவு. அவ்வளவுதான்.

வாயை அளக்கப் பள்ளிக்கூட ஸ்கேல் எடுக்கும்போது கவனம். பெரும்பாலான ஸ்கேலில் பூஜ்யம் விளிம்பிலிருந்து தொடங்காது, கொஞ்சம் தள்ளித்தான் கோடு இருக்கும். நான் பழைய பிளாஸ்டிக் ஸ்கேலைப் பூஜ்யத்தில் சரியாக வெட்டிக்கொண்டேன். கண்ணாடி முன் நின்று, கீழ் முன்பல் நுனியிலிருந்து மேல் முன்பல் நுனிவரை அளக்கலாம். 40 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பொதுவாகச் சரி. என் முதல் அளவு 31.

படி 3: சிகிச்சைகளைக் கட்டம் போட்டு எழுதுங்கள்

ஒரு பக்கத்தில் நான்கு கட்டம் போடுங்கள். பிடிக்காவிட்டால் திரும்பப் பழைய நிலைக்கு வர முடியுமா? பலன் தெரிய எவ்வளவு நாள்? செலவு எவ்வளவு? வலிக்குப் பலன் உண்டு என்று ஆராய்ச்சி சொல்கிறதா?

கடைசிக் கட்டத்தை நிரப்ப ஒரு நல்ல துணை இருக்கிறது. 2023 டிசம்பரில் பிஎம்ஜே மருத்துவ இதழ் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் தாடை வலிக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. 233 ஆய்வுகளைத் திரட்டி, 59 வகைச் சிகிச்சைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்ட அலசலை வைத்து எழுதியது அது. படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் வரிசை தலைகீழாக இருந்தது.

மேலே இருப்பவை எல்லாம் மலிவானவை: பிசியோதெரபிஸ்ட் பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சி, கழுத்தும் முதுகும் நிமிர்த்தும் பயிற்சி, தசை முடிச்சைக் கையால் அழுத்தி விடுவது, தாடையைக் கையால் அசைத்துக் கொடுப்பது, மன அழுத்தத்தைக் கையாளப் பழக்கும் சிபிடி என்ற ஆலோசனை முறை. வீட்டுப் பயிற்சியும், "பயப்பட ஒன்றுமில்லை" என்று விளக்கிச் சொல்வதும்கூட இந்த வரிசையில்தான். அக்குபஞ்சர் அதற்கு அடுத்த படியில், "செய்து பார்க்கலாம்" என்ற அளவில்.

நான் காசு கொட்டியவை கீழே இருந்தன. கழற்றி மாட்டும் பல் உறை, தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி, லேசர், மின்தூண்டல், நரம்பு வலிக்குக் கொடுக்கும் காபாபென்டின், பாராசிட்டமால் எல்லாம் "பொதுவாக வேண்டாம்" பக்கம். அதற்காக எதுவுமே உதவாது என்று பொருளில்லை. கிடைக்கும் பலன் சிறியது அல்லது நிச்சயமில்லாதது, தொல்லையும் செலவும் அதைத் தாண்டக்கூடும் என்பது அவர்கள் கணக்கு. இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவருக்குப் பல் தேயாமல் காக்க உறை தேவைப்படலாம், அது வேறு விஷயம். வலிக்காக என்றால் அதை முதலில் வாங்காதீர்கள். போடாக்ஸ் மூன்று நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும், மறுபடி போட வேண்டும், போடப் போடத் தசை மெலியும்.

கறாராக வேண்டாம் என்று சொன்னது மூன்றை: கடியை (மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பொருந்தும் விதத்தை) நிரந்தரமாக மாற்றும் உறை, மூட்டுக்குள் இருக்கும் வட்டை அறுத்து எடுக்கும் அறுவை, அழற்சியைக் குறைக்கும் மாத்திரையோடு ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலி) மாத்திரை. முதல் கட்டத்தில் "திரும்ப வர முடியாது" என்று விழுவதை நான் சிவப்பு மையால் எழுதினேன். பற்களை ராவிக் கடியைச் சரிசெய்கிறேன் என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். அதையும் சிவப்பில் எழுதினேன். ராவிய பல் முளைக்காது.

படி 4: காசில்லாததில் தொடங்குங்கள்

"நான்" என்று சொல்லி, கடைசி ன் எழுத்திலேயே நிறுத்துங்கள். முதலில் வரும் ந பல்லைத் தொடும். முடிவில் வரும் ரெண்டு சுழி ன் மேல் பல்லுக்குப் பின்னாலுள்ள மேட்டில் நாக்கை வைக்கும். அப்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடவில்லை, பாருங்கள். உதட்டை மட்டும் மூடிக்கொள்ளுங்கள். தாடை ஓய்வாக இருக்க வேண்டிய நிலை இதுதான். சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தவிரப் பற்கள் ஒன்றையொன்று தொட வேண்டிய அவசியமே இல்லை.

தெரிந்துகொள்வது சுலபம், ஞாபகம் வருவதுதான் கஷ்டம். ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று வாங்கி, மானிட்டர் ஓரத்தில், செல்போன் முதுகில், கேஸ் அடுப்பு மேலே, ஸ்கூட்டி மீட்டரில் ஒட்டினேன். பொட்டு கண்ணில் பட்டால் "பல் தொடுதா?" என்று கேட்டுக்கொள்வேன். முதல் நாள் பார்த்த போதெல்லாம் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. ஜிஎஸ்டி தளம் சுற்றிக்கொண்டே நிற்கும்போது தாடை கல்லாக இருந்தது.

நாக்கை அதே மேட்டில் வைத்து, அது நழுவாத அளவுக்கு மெதுவாக வாயைத் திறந்து மூடுவது பயிற்சி. ஒரு தடவைக்கு 6 முறை, நாளைக்கு 6 தடவை. அதற்கு முன் பதினைந்து நிமிடம் வெதுவெதுப்பான துணி ஒத்தடம். வலி கூடினால் திறக்கும் அளவைக் குறையுங்கள். கரும்பு கடிப்பது, சூயிங்கம், கெட்டி முறுக்கு கொஞ்ச நாள் வேண்டாம். பண்ருட்டிப் பலாச்சுளையை விடச் சொல்ல எனக்கே மனமில்லை. சன்னமாகக் கீறி, இரண்டு பக்கமும் மாற்றி மென்று சாப்பிடுங்கள்.

படி 5: ஒரு நேரத்தில் ஒன்று, ஆறு வாரம்

ஆறு வாரம் என்பது நானாக வைத்துக்கொண்ட கெடு. அதற்குள் வேறு எதையும் சேர்க்கக் கூடாது. முடிந்ததும் முதல் இரண்டு வாரச் சராசரியையும் கடைசி இரண்டு வாரச் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எனக்குப் பொட்டும் வீட்டுப் பயிற்சியும் சேர்ந்து 6-ஐ 4-க்குக் கொண்டுவந்தன, வாய் 35 திறந்தது. அடுத்த ஆறு வாரம் பிசியோதெரபிஸ்ட்டிடம். அவர் கையுறை போட்டுக்கொண்டு கன்னத்தை உள்ளும் புறமும் பிடித்து முடிச்சை அழுத்திய முதல் நாள் கண்ணீரே வந்துவிட்டது. முடிவில் 2, வாய் 41. பழைய பல் உறையை மறுபடி எடுத்து ஒரு சுற்றுப் பார்த்தேன், எண் அசையவில்லை.

படி 6: நோட்டோடு போங்கள்

பல் மருத்துவக் கல்லூரிகளில் இந்த வலிக்கு முதலில் பார்க்க வேண்டிய பிரிவு ஓரல் மெடிசின், அதாவது வாய் மருத்துவப் பிரிவு. கடலூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனமும் ஜிப்மரும் இருக்கின்றன. புதுச்சேரி பேருந்து நிலையத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும், காலையிலேயே கிளம்புவது நல்லது. தெற்கே இருப்பவர்களுக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகர் பல் மருத்துவக் கல்லூரி பக்கம்.

உள்ளே போனதும் கதை சொல்ல நேரம் இருக்காது. நோட்டை நீட்டிவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: "இது தசையா, மூட்டா, பல்லா டாக்டர்?", "இதைச் செய்தால் திரும்ப மாற்ற முடியுமா?", "எத்தனை வாரத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்தலாம்?" வேறு நோய்க்கு மாத்திரை சாப்பிட்டால் அந்த அட்டையையும் காட்டுங்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் பல் கடிப்பதைத் தூண்டும். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

என் மானிட்டர் ஓரத்துப் பொட்டு இப்போது நிறம் வெளுத்துவிட்டது. வருகிற மார்ச்சுக்கு முன் புது அட்டை வாங்க வேண்டும்.