இரண்டு ரயிலுக்கு நடுவே போலோன்யா: முதல்முறை போகிறவர்களுக்கு

இத்தாலியில் ஃபுளோரன்ஸிலிருந்து மிலானுக்கு ரயிலில் போகிற நம் ஆட்களில் பலர் போலோன்யாவை ஜன்னல் வழியாகக்கூடப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அதிவேக வண்டிகள் பெரும்பாலும் அங்கே தரைக்கு அடியில்தான் நிற்கின்றன. 1088-ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லிக்கொள்ளும் பல்கலைக்கழகம் உள்ள ஊர், திரும்பின பக்கமெல்லாம் மாணவர் கூட்டம். ஐந்தாறு மணி நேரம் ஒதுக்கினால் போதும், ஓட்டல் அறை வேண்டாம்.

முதலில் டிக்கெட். ஃபுளோரன்ஸ்–மிலான் என்று ஒரே டிக்கெட் எடுத்து, நடுவில் இறங்கிச் சுற்றிவிட்டு வேறு வண்டியில் ஏறலாம் என்று நினைக்காதீர்கள். அதிவேக வண்டியின் டிக்கெட் அந்த வண்டிக்கும் அந்த இருக்கைக்கும்தான். ஃபுளோரன்ஸ்–போலோன்யா ஒன்று, போலோன்யா–மிலான் ஒன்று எனத் தனித்தனியாக எடுங்கள். முதலாவது முக்கால் மணிக்கும் குறைவு, இரண்டாவது ஒரு மணிக்குச் சற்று அதிகம். காலை பத்து மணி வாக்கில் இறங்குகிற மாதிரி பாருங்கள், காரணம் கீழே வருகிறது. ஆகஸ்ட் மட்டும் வேண்டாம். மாணவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், கடைகளும் பாதி மூடியிருக்கும்.

இறங்கியதும் பெட்டியை ஸ்டேஷனிலேயே லக்கேஜ் வைக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். மணிக்கணக்கில் காசு வாங்குவார்கள், ஆனாலும் கல் பதித்த தெருவில் உருட்டிக்கொண்டு போகிற பாடு மிச்சம். ஸ்டேஷன் சுவரில் ஒரு கடிகாரம் 10:25-லேயே நிற்கும், ரிப்பேர் என்று எண்ண வேண்டாம். 1980 ஆகஸ்ட் 2 அன்று அந்த நேரத்தில் காத்திருப்பு அறையில் குண்டு வெடித்து 85 பேர் இறந்தார்கள். அந்த நினைவுக்காக அப்படியே விட்டிருக்கிறார்கள்.

அப்புறம் பஸ் எதுவும் தேடாமல் இண்டிபெண்டென்சா தெருவில் நேராக நடங்கள், இருபது நிமிடத்தில் மாஜ்ஜோரே சதுக்கம். மழை பெய்தாலும் குடை தேவையில்லை, தெருவோரம் முழுக்க வளைவுகள் தாங்கும் கூரையுள்ள நடைபாதைதான். ஊருக்குள் ஆட்கள் பெருகி இடம் போதாமல் போனபோது வீட்டுக்காரர்கள் மாடியைத் தெருப்பக்கம் நீட்டிக் கட்டினார்கள், அதன் அடியில் நடைபாதை. 1288-ல் நகரசபை, புது வீடு என்றால் இப்படி நடைபாதை விட்டுத்தான் கட்ட வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டது. 2021-லிருந்து இவை யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன.

சதுக்கத்தில் சான் பெத்ரோனியோ தேவாலயம், முகப்பின் பாதிதான் பளிங்கு, மேல்பாதி வெறும் செங்கல். உள்ளே தரையில் ஏறக்குறைய 67 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு ஓடுகிறது, 1655-ல் வானியலாளர் காசினி அமைத்தது. கூரையில் ஒரு சின்னத் துளை. உச்சிப்பொழுதில் அதன் வழியாக விழும் சூரிய வட்டம் அந்தக் கோட்டைக் கடக்கும். குளிர்காலத்தில் பன்னிரண்டே கால் வாக்கில், கோடைக்காலக் கடிகாரப்படி ஒன்றே கால் வாக்கில். காலையிலேயே வரச் சொன்னது இதற்குத்தான். வெயில் இல்லாவிட்டால் எதுவும் தெரியாது, அதற்கு யாரும் பொறுப்பில்லை. தோளும் முழங்காலும் மூடின உடை போட்டுக்கொள்ளுங்கள்.

எதிரே பொதெஸ்தா மாளிகைக்கு அடியில் வளைவுக் கூரையுள்ள நாற்சந்தி. இரண்டு பேர் எதிரெதிர் மூலையில் சுவரைப் பார்த்து நின்று, ஒருவர் மெல்லப் பேசினால் மற்றவருக்குக் காதருகே கேட்கும். காசு கிடையாது, வெட்கம்தான் கொஞ்சம் படவேண்டும்.

சாப்பாட்டை இரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், அதற்குப் பிறகு பல இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். சைவக்காரர்கள் கவனம்: தொர்தெல்லினி என்ற, உள்ளே பூரணம் வைத்த சின்ன பாஸ்தாவில் பன்றி இறைச்சி, அதைவிடப் பெரிதாக இருக்கும் தொர்தெல்லோனியில் வழக்கமாக ரிக்கோத்தா சீஸ். வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுக் கேளுங்கள். சைவம்தானா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

சாப்பிட்டதும் பக்கத்திலேயே ஆர்க்கிஜின்னாசியோ, 1803 வரை பல்கலைக்கழகம் இருந்த கட்டடம். சுவரிலும் கூரையிலும் பழைய மாணவர்களின் குலச்சின்னங்கள் இடைவெளியில்லாமல் அப்பிக் கிடக்கின்றன. அங்கே உடற்கூறு அரங்கத்துக்கு டிக்கெட் எடுங்கள். முழுக்க மரம், நடுவில் பிணத்தை அறுத்துப் பாடம் நடத்திய பளிங்கு மேசை, ஆசிரியர் இருக்கைக்கு இரண்டு பக்கமும் தோல் உரித்த மனிதர்களாகச் செதுக்கிய மரச்சிலைகள். 1944-ல் குண்டுவீச்சில் நொறுங்கியதை, கிடைத்த துண்டுகளை வைத்துத் திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். ஊரில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் காசு கொடுப்பேன் என்றால் இதற்குக் கொடுங்கள்.

இரட்டைக் கோபுரங்களை வெளியிலிருந்து பார்த்தால் போதும். அவற்றில் ஒன்றான கரிசெண்டாவின் சாய்வு கவலை தந்ததால் 2023 அக்டோபரில் சுற்றிலும் தடுப்பு போட்டார்கள், மற்றொன்றான 97 மீட்டர் உயர அசினெல்லியில் ஏறுவதும் அதோடு நின்றது. எப்படியும் மாணவர்கள் ஏறமாட்டார்கள், பட்டம் வாங்குவதற்கு முன் ஏறினால் பட்டமே கிடைக்காதாம்.

அங்கிருந்து தொடங்குகிற சம்போனி தெருதான் இன்றைய மாணவர் வட்டாரம். வெர்தி சதுக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அரட்டை, சுவரெல்லாம் போஸ்டர், அறை வாடகைக்கு என்று கிழிக்க வாகாக நறுக்கிய சீட்டுகள். தலையில் லாரல் இலை வளையம் மாட்டிய ஒருவரைச் சுற்றி நண்பர்கள் கேலிப்பாட்டுப் பாடினால், அவர் அன்று பட்டம் வாங்கினார் என்று அர்த்தம். இங்கே ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். இருட்டினால் பையைக் கவனியுங்கள்.

திரும்பும்போது வண்டிக்கு முக்கால் மணி முன்பே ஸ்டேஷனில் இருங்கள். பெட்டி எடுக்க வரிசை இருக்கலாம், அதிவேக வண்டிகளின் 16 முதல் 19 வரையான பிளாட்பாரங்களுக்கு எஸ்கலேட்டரில் இறங்கிக்கொண்டே போக வேண்டும். போர்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒவெஸ்த் அல்லது எஸ்த் என்று போட்டிருந்தால் அது மேற்கு அல்லது கிழக்குக் கோடியில் தனியாக இருக்கும் பிளாட்பாரம், அதற்கு இன்னும் ஐந்து நிமிட நடை.