ஒரு கிரவுண்ட் மனையும் ஓர் இருபடிச் சமன்பாடும்

சென்னையில் மனை பேசுபவர்கள் சென்ட் கணக்கு சொல்வது குறைவு, கிரவுண்ட்தான். ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி. "நீளம், அகலத்தைவிட 20 அடி ஜாஸ்தி சார்" என்று மட்டும் தரகர் சொல்கிறார். அகலம் எவ்வளவு? பழகினவர்கள் யோசிக்காமலே "நாப்பதுக்கு அறுபது" என்பார்கள். விடை தெரிந்ததே, வழியை மட்டும் பார்ப்போம்.

அகலம் அ என்று வையுங்கள். (எக்ஸ் போட்டுப் பழகியவர்கள் எக்ஸே போடலாம்.) நீளம் அ + 20.

அ(அ + 20) = 2400

பெரம்பூரில் மொட்டைமாடியில் நான் எடுக்கும் டியூஷனில் பாதிப் பேர் வழுக்குவது இங்கேதான். இடப்பக்கம் ஏற்கெனவே பெருக்கலாக இருக்கிறதே என்று அ = 2400 என எழுதிவிடுவார்கள். பெருக்கி 2400 வர எத்தனையோ ஜோடி உண்டு: 30 × 80, 48 × 50... எதை எடுப்பது? பெருக்கிப் பூச்சியம் வந்தால் மட்டும் குழப்பமே இல்லை; இரண்டில் ஒன்றாவது பூச்சியமாக இருந்தே ஆகவேண்டும். காரணிப்படுத்தும் முறை, அதாவது சமன்பாட்டை இரண்டு அடைப்புகளின் பெருக்கலாக உடைப்பது, முழுக்க இதை நம்பித்தான். அதனால் முதலில் எல்லாவற்றையும் இடப்பக்கம் கொண்டுவாருங்கள்.

அ² + 20அ − 2400 = 0

பெருக்கினால் −2400, கூட்டினால் +20 வரும் இரண்டு எண்கள் வேண்டும். நோட்டில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, மேலே −2400, கீழே 20 எழுதிக்கொண்டு இரண்டு பக்கமும் நிரப்பப் பாருங்கள். பெருக்கற்பலன் மைனஸ் என்பதால் ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். கூடுதல் பிளஸ் என்பதால் பெரியது பிளஸ். 80, −30 என்றால் 50 வருகிறது, அதிகம். 50, −48 என்றால் வெறும் 2. நடுவில் 60, −40. சிக்கியது.

நடு உறுப்பை உடையுங்கள்:

அ² + 60அ − 40அ − 2400 = 0
அ(அ + 60) − 40(அ + 60) = 0
(அ + 60)(அ − 40) = 0

அ = −60 அல்லது 40. மைனஸ் 60 அடிக்கு எந்த சார்பதிவாளரும் பத்திரம் பதியமாட்டார். அகலம் 40 அடி. ஆனால் வெறுமனே 'தீர்க்க' என்று கேட்டிருந்தால் இரண்டு மூலங்களையும் எழுத வேண்டும்.

அ²-க்கு முன்னால் எண் இருந்தால்?

6அ² − 7அ − 3 = 0

முதல் கெழுவையும் (அ²-க்கு முன்னால் உள்ள எண்) மாறிலியையும் (அ இல்லாமல் தனியாக நிற்கும் எண்) பெருக்குங்கள்: −18. கூட்டினால் −7 வரவேண்டும்: −9, 2.

6அ² − 9அ + 2அ − 3 = 0
3அ(2அ − 3) + 1(2அ − 3) = 0

அந்த +1 முக்கியம். பொதுவாக எடுக்க ஒன்றுமில்லையே என்று அதை விட்டுவிட்டு, அடுத்த வரியில் திருதிருவென முழிப்பவர்கள் நிறைய.

(2அ − 3)(3அ + 1) = 0
அ = 3/2 அல்லது −1/3

அ² = 5அ மாதிரி வந்தால் இரண்டு பக்கமும் அ-வை அடித்துவிடாதீர்கள். அ(அ − 5) = 0 என்று எழுதினால் 0, 5 இரண்டும் கிடைக்கும்; அடித்தால் 0 காணாமல் போகும்.

எவ்வளவு தேடியும் ஜோடி சிக்கவில்லையா? நடுக் கெழுவை வர்க்கப்படுத்தி, அதிலிருந்து 4 × முதல் கெழு × மாறிலியைக் கழியுங்கள். மனைக் கணக்கில் 400 + 9600 = 10000, அதாவது 100². இப்படி முழு வர்க்கம் வந்தால் ஜோடி உண்டு, தேடலாம். அ² + 4அ + 1 = 0 என்பதற்கு 12தான் வருகிறது. பென்சிலைத் தேய்க்காமல் நேரே இருபடிச் சமன்பாட்டின் பொதுச் சூத்திரத்துக்குப் போங்கள்.